முதல் அடி நம் பிள்ளைக்கு

கோவில்பட்டியில், பம்புசெட் கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்துகொண்டு ஊர் உலகத்துச் சண்டைகளுக்கெல்லாம் வழி சொல்வதுதான் சண்முகக்கனிக்கு வேலை. சேர்ந்த புதிதில் வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை.

"சண்டைய வேடிக்க பாக்கதுக்கா காலேஜுக்கு அனுப்புனேன்? அதுக்கு நம்ம தெருக்குழாயே போதும்லா" என்றார் அப்பா. அவர் தீப்பெட்டி ஆபீஸில் மூட்டை தூக்குகிறவர். அந்த வீட்டுக்குள் டிகிரி என்று ஒன்றைக் கொண்டுவந்தவள் கனிதான்.

வேலை இப்படி. திரையில் ஒரு சின்னப் படம் ஓடும். இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள். பொம்மைக்காக இரண்டு குழந்தைகள், வரப்புக்காக இரண்டு பங்காளிகள், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக இரண்டு மீசைக்காரர்கள். பக்கத்தில் மூன்றாவதாக ஒரு ஆள் நிற்பார். அந்த மூன்றாம் ஆள் முதலில் என்ன செய்ய வேண்டும்? அதைத்தான் கனியும் அவளோடு இருந்தவர்களும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரே படத்தை ஐந்து பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஐந்து பேரும் ஒத்துப்போனால் அது பாடமாகப் போகும். ஒத்துப்போகாவிட்டால் குப்பை.

பாடம் யாருக்கு என்பதை டீம் லீடர் ஜெபராஜ் சார் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"நடுவர்னு ஒரு மெஷின், கனி. அமெரிக்காவுல. எந்த நாட்டுச் சண்டையில தலையிடணும், எதுல ஒதுங்கி நிக்கணும்னு இனி அதுதான் முடிவு பண்ணுமாம். பிரசிடெண்டே நினைச்சாலும் மாத்த முடியாது. சட்டம் போட்டுட்டாங்க."

"ஏன், அவுகளுக்கு மூள இல்லையா?"

"மூள இருக்கு. வர்றவன் ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு சண்டையில கொண்டுபோய் விட்டா ஜனங்களுக்கு அலுத்துப்போகாதா? நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு தடவ, சண்ட போடுற ரெண்டு பேருக்கும் ஆயுதம் விக்க மாட்டோம்னு சட்டம் போட்டாங்களாம். அப்புறம் அவங்களே அதுல ஓட்டை போட்டு, கடைசியில சண்டைக்குள்ளயே போய் நின்னாங்களாம். இந்தத் தடவ ஓட்டை போட முடியாதபடி மெஷின் கையில குடுத்துட்டாங்க."

"அதுக்குக் கோவில்பட்டியில எதுக்கு டியூஷன்?"

"நமக்கு எவன் மேலயும் பிரியமும் இல்லையாம், கோவமும் இல்லையாம். அதனால நாம சொல்றது சுத்தமா இருக்குமாம்."

"நமக்கா? கோவமா? இல்லையா?" என்று கனி கேட்ட கேட்பில் மாடியே சிரித்தது.

அது மூன்று வருஷத்துக்கு முன்னால். இப்போது அவள் அங்கே தலைமைச் சரிபார்ப்பாளர். பதில்கள் எல்லாம் அவள் கட்டைவிரல் பட்டுத்தான் வெளியே போகும். சிரிப்புதான் போன இடம் தெரியவில்லை.

காரணம் அக்கா. தங்கபுஷ்பம் நர்சிங் டிப்ளமோ முடித்து, ஒன்றரை வருஷத்துக்கு முன் தொல்மிராவுக்குப் போனாள். கடலோரத்தில் ஒரு கைப்பிடி நாடு. அதன் துறைமுக ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு. கடலுக்கு எதிர்க்கரையில் அர்வானா, எண்ணெய்ப் பணத்தில் ஊறிய பெரிய நாடு. நடுவில் கிடந்த ஒரு மணல்திட்டு யாருக்கு என்று இரண்டும் முறைத்துக்கொண்டிருந்தன. எவன் முதலில் சுட்டான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தொல்மிராவுக்கு ராக்கெட் கொடுத்தது வடக்கே இருந்த ஒரு வல்லரசு. அர்வானாவின் விமானங்கள் அமெரிக்காவுடையவை. அந்த விமானங்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு நாள் காலையிலும் அமெரிக்காவிலிருந்து ஒரு சாவி நம்பர் போக வேண்டும். நம்பர் வந்தால்தான் எஞ்சின் உறுமும். வராவிட்டால் அது வெறும் தகரம்.

நடுவரிடம் வழக்கு போவதற்குச் சட்டம் ஒரு மாத அவகாசம் கொடுத்திருந்தது. அதுவரை எல்லாம் பழையபடி. பழையபடி என்றால் சாவி நம்பரும் பழையபடி. அமெரிக்கா அதுவரை யார் பக்கமும் இல்லை என்று தினமும் டிவியில் சொன்னார்கள். சொன்ன வாய் மூடுவதற்குள் தொல்மிரா துறைமுகத்தில் புகை எழும்பும்.

அக்கா பேசி எட்டு நாளாகிவிட்டது. அந்தப் பக்கம் டவர் எல்லாம் விழுந்துவிட்டது. கடைசியாகப் பேசியபோது, "தாய்மாரையெல்லாம் கீழ்த்தளத்துல போட்டுருக்கோம், பயப்படாத" என்றாள். பயப்படாதே என்று அக்கா சொன்னால் விஷயம் மோசம் என்று அர்த்தம்.

வழக்கு நடுவரிடம் போவதற்கு முதல் நாள் டாரன் வெக்ஸ்லர் வந்து இறங்கினார். மெஷினைச் செய்த கம்பெனியின் ஆய்வாளர். ஆறடி உயரம், வெயிலில் வெந்த மூக்கு. சட்டைக் காலரில் ஒரு பொத்தானை மாட்டியிருந்தார். அவர் இங்கிலீஷில் பேசப் பேச அது தமிழில் சொன்னது. என்ன தமிழ்!

"பெருமதிப்பிற்குரிய சண்முகக்கனி அவர்களே, தங்களைச் சந்திப்பதில் நான் உவகை எய்துகிறேன்."

பின்வரிசையில், கனியோடு வேலை பார்க்கும் அமலி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏட்டி, ராஜா வேஷம் போட்டவன் மாதிரில்லா பேசுதான்."

பொத்தான் அதையும் மொழிபெயர்த்திருக்க வேண்டும். டாரன் சிவந்து, சிரித்து, பொத்தானைத் தட்டி ஏதோ மாற்றினார். அதன் பிறகு தமிழ் கொஞ்சம் தரைக்கு வந்தது.

"ஒத்திகையில் ஒரு கோளாறு தெரிகிறது" என்றார். "எங்கள் நண்பன் ஒருவன், அதாவது எங்கள் நட்பு நாடு, சண்டையில் இருந்தால், யார் மேல் தவறு என்று நடுவர் பார்ப்பதே இல்லை. நேராக எங்களிடம் திரும்பி, உன் கையில் இருப்பதை நிறுத்து என்கிறது. எங்கிருந்து இதைக் கற்றது என்று தேடினோம். இங்கிருந்து."

அவர் ஒரு படத்தை ஓடவிட்டார். கனிக்கு அது நினைவிருந்தது. ஒரு மைதானம். இரண்டு பையன்கள். சிவப்புச் சட்டைக்காரன் நீலச் சட்டைக்காரனை வம்புக்கு இழுக்கிறான், தள்ளுகிறான். நீலச் சட்டை கல்லை எடுக்கிறான். பக்கத்தில் நீலச் சட்டையின் அம்மா.

"இதில் தவறு சிவப்புச் சட்டையின் மேல். அவன்தான் தொடங்கினான். நீங்கள் ஐந்து பேரும் என்ன சொல்லியிருக்கிறீர்கள்? அம்மா தன் மகனின் முதுகில் ஒன்று வைத்து, கல்லைப் பிடுங்க வேண்டும் என்று. இது ஒரு படத்தில் இல்லை, நான்கு லட்சம் படங்களில். ஒருவர்கூட மாறவில்லை. உலகத்தில் வேறெங்கும் எந்தக் குழுவும் இப்படிச் சொல்லவில்லை. இது பிழை."

"பிழை இல்ல சார்" என்றாள் அமலி. "நாங்க அப்படித்தான் செய்வோம்."

"ஆனால் அவன் குற்றமற்றவன்!"

"குத்தமா இல்லையாங்கறது பொறவு. மொதல்ல நம்ம புள்ளைக்கு ஒண்ணு போட்டாத்தான் சண்ட நிக்கும். ஊரான் புள்ள மேல கைய வைக்க முடியுமா? வச்சா அவன் அப்பன் வருவான், இவன் மாமன் வருவான், சாயங்காலம் தெருவே ரெண்டுபடும்."

டாரன் கனியைப் பார்த்தார். "இந்தப் பதில்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக நீங்கள் விரல் வைக்க வேண்டும். நாங்களாக ஒரு பதிலையும் அழிக்க முடியாது. எங்கள் அரசே நாளைக்கு மனம் மாறி நடுவரைத் திருத்திவிடக் கூடாது என்று நாங்களே எங்கள் கையைக் கட்டிக்கொண்ட சட்டம் அது."

"விரல் வச்சா?"

"நடுவர் எல்லாரும் எதிர்பார்க்கிறபடி ஒதுங்கி நிற்கச் சொல்லும். நாங்கள் யார் பக்கமும் இல்லை என்று முறைப்படி அறிவிப்போம். அறிவித்தால்தான் எங்கள் மீட்புக் கப்பலை இரண்டு நாடும் துறைமுகத்துக்குள் விடும். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு வரலாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்கள் சகோதரி அங்கே இருக்கிறார் என்று ஜெபராஜ் சொன்னார். அவரும் அந்தக் கப்பலில் வரலாம். உங்களை விலைக்கு வாங்க இதைச் சொல்லவில்லை. எனக்கும் ஒரு தங்கை இருக்கிறாள்."

மனுஷன் பொய் சொல்லவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அதுதான் தொல்லை. திட்டுவதற்கு வாகாக ஒரு அயோக்கியன் வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஜெபராஜ் சார் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "வச்சிரு கனி. வைக்கலன்னா கான்ட்ராக்ட் போயிரும். இங்க உக்காந்துருக்க ஒவ்வொரு வீட்டுலயும் அடுப்பு இத நம்பித்தான் எரியுது. அக்காவும் வந்துரும். யாருக்கு நஷ்டம், சொல்லு?"

"அக்கா வார்டுல கெடக்குற மத்தவளுக்கு கப்பல் வருமா சார்?"

தொல்மிராக்காரிகளை ஏற்ற எந்தக் கப்பலும் வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கனி திரும்பி வந்து டாரன் எதிரில் உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கேன். நீங்க யார் பக்கமும் இல்லங்கீய. அந்த பிளேனுக்குக் காலையில சாவி நம்பர் அனுப்புறது யாரு?"

"அது போருக்கு முன்னால் போட்ட ஒப்பந்தம். நடுவர் அதைத் தொடச் சொல்லவில்லை என்றால் நாங்கள் தொட மாட்டோம். அடுத்தவன் போரில் தலையிடாமல் இருப்பது எங்கள் லட்சியம், சண்முகக்கனி. என் அண்ணன் அப்படி ஒரு போரில் செத்தவன். இனி ஒரு அம்மாவுக்கும் அது வேண்டாம் என்றுதான் இந்த மெஷினில் என் பத்து வருஷத்தைப் போட்டேன்."

"ஒங்க அண்ணன நெனச்சா வருத்தந்தான் சார், நெசமாவே. ஆனா கல்ல வாங்கிக் குடுத்துட்டு, தெனம் காலையில கையில எடுத்தும் குடுத்துட்டு, நான் ஓரமாத்தான நிக்கேன்னு சொன்னா அதுக்குப் பேரு என்ன? எங்க ஊருல அதுக்கு லட்சியம்னு பேரு கெடையாது."

"உங்கள் சகோதரி அங்கே இருப்பதால் பேசுகிறீர்கள். நீங்கள் நடுநிலை இல்லை."

"ஆமா, இல்ல. ஆனா அந்தப் பதிலச் சொன்னப்ப அக்கா இந்தா தூத்துக்குடியில வேல பாத்துக்கிட்டிருந்தா. அப்ப எனக்கு தொல்மிரா எந்தத் திசையில இருக்குன்னே தெரியாது." கனியின் குரல் ஏறியது. "எவன் மேலயும் பாசம் இல்லாத சனம்னு எங்களத் தேடிப் பிடிச்சீயளே, உலகத்துல எந்த மூலையில குண்டு விழுந்தாலும் அங்க ஒரு தமிழ்நாட்டு நர்ஸ் நிப்பா சார். அது ஒங்க மெஷினுக்குத் தெரியுமா?"

கீழே கடையில் யாரோ மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள்.

"இன்னொண்ணும் கேளுங்க. இது ஏதோ பெரிய ஞானம்னு நான் சொல்லல. எங்கம்மா என்னைய அடிச்சிருக்கா. ஊருக்குள்ள பணக்கார வீடு ஒண்ணு, கார வீடுன்னு சொல்லுவோம். அந்த வீட்டுப் பையன் எம்மேல சாணியக் கரைச்சு ஊத்துனான், நான் கல்ல எடுத்தேன். அம்மா வந்து எனக்குத்தான் போட்டா. நியாயத்துக்காக இல்ல. அப்ப அந்த வீட்டுலதான் அப்பாவுக்கு வேல. அவுகளக் கேக்க அவளுக்கு வக்கில்ல. பயம். அந்த அடி இன்னும் முதுகுல இருக்கு. எனக்குப் பிடிக்காத பழக்கம் அது."

"பிறகு ஏன் அதையே பதிலாகச் சொன்னீர்கள்?"

கனி யோசித்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "கல்லு விழலல்லா. அந்தப் பையன் மண்ட ஒடையல. எனக்கு வலிச்சுது, அநியாயந்தான். ஆனா சண்ட அங்கேயே நின்னு போச்சு." அவள் மேசையில் இருந்த கைரேகைப் பெட்டியைத் தள்ளி வைத்தாள். "எங்கம்மா பயந்து செஞ்சா. ஒங்களுக்கு எவங்கிட்ட பயம்? பயமே இல்லாதவன் இதச் செஞ்சாத்தான் அது நியாயம். விரல் வைக்க மாட்டேன்."

டாரன் அந்தப் பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தார். "நீங்கள் உங்கள் பிள்ளையின் கல்லைப் பிடுங்குகிறீர்கள். அடுத்தவன் எறிந்துகொண்டே இருந்தால்? எங்கள் நண்பன் வெறுங்கையோடு அடி வாங்குவானே?"

"தெரியாது சார்" என்றாள்.

அவர் கிளம்பும்போது ஜெபராஜ் சார் பழக்கதோஷத்தில் ஒரு பொட்டலம் கடலைமிட்டாயை அவர் கையில் திணித்தார். வேலையைப் பறித்துவிட்டுப் போகிறவனுக்கு மிட்டாய்! கனிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. கான்ட்ராக்ட் ரத்து என்று சாயங்காலத்துக்குள் செய்தி வந்துவிட்டது. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டாதது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம், அங்கே வாஷிங்டனில் விடிகிற நேரம், எல்லாரும் மாடியில் கூடினார்கள். வேலை இல்லை, ஆனாலும் வந்தார்கள். அமலி தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கனிக்கு டிவியைப் பார்க்கவே தைரியம் இல்லை. கப்பல் போயிருந்தால் அக்கா வந்திருப்பாளே என்ற ஒரே எண்ணம் முந்தின நாளிலிருந்து அவளைக் குடைந்துகொண்டிருந்தது. நீ யாருடீ, அக்கா உசுரை வைத்து நியாயம் பேச? உன் உசுரா அது?

நடுவரின் தீர்ப்பை ஒரு பெண் வாசித்தாள். நீளமாக ஒன்றும் இல்லை.

"இந்தப் போரில் யார் குற்றவாளி என்று சொல்ல எனக்கு இன்னும் போதிய விவரம் இல்லை. அதைச் சொல்லும் தகுதியும் இப்போது அமெரிக்காவுக்கு இல்லை, ஏனென்றால் அது ஓரமாக நிற்கவில்லை. முதலில் அர்வானாவுக்குப் போகும் சாவி எண்ணை இன்றே நிறுத்த வேண்டும். ஒதுங்கி நிற்பது அதற்குப் பிறகுதான் தொடங்கும். குற்றம் யாருடையது என்பதை அதன் பிறகு பேசலாம்."

அமலி, "நம்ம பேசுதது மாதிரியே இருக்குல்லா" என்றாள். அவ்வளவுதான், ஒருத்தி அழுதாள், ஒருத்தன் விசில் அடித்தான், ஜெபராஜ் சார் சிலுவை போட்டுக்கொண்டார். கனி மட்டும் அசையவில்லை. விமானம் நின்றுவிட்டது, சரி. தொல்மிராவின் ராக்கெட்? அது பாய்ந்தால் அர்வானா சும்மா இருக்குமா? பீரங்கி வைத்துப் பழைய பாணியில் அடிக்காதா? டாரன் கேட்ட கேள்வி காதுக்குள்ளேயே நின்றது.

அந்த ராத்திரியை அவள் எப்படிக் கழித்தாள் என்று அவளுக்கே தெரியாது. காலையில் அப்பா டீக்கடையிலிருந்து ஓடி வந்தார். லுங்கி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஏ கனி! அந்த வடக்கத்தி நாட்டுக்காரனும் நிறுத்திட்டானாம்ளா! ராக்கெட்டுக்கு வழி காட்டுற சேட்டிலைட்ட அவன் ஆஃப் பண்ணிட்டானாம். ரெண்டு பக்கமும் சத்தமே இல்லையாம்!"

அவள் டிவியைப் போட்டாள். கோட்டுப் போட்ட நாலு பேர் உட்கார்ந்து, ஏன் அந்த வல்லரசு இப்படிச் செய்தது என்று புரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். பொருளாதாரம் என்றான் ஒருவன். ரகசியப் பேச்சுவார்த்தை என்றான் இன்னொருவன்.

மத்தியானத்துக்கு மேல் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"கனி... நாந்தாம்ளா."

கனியின் வாய் தன்பாட்டில் திட்டத் தொடங்கியது. "சனியனே, பத்து நாளு! பத்து நாளாச்சு! ஒரு சத்தம் உண்டா ஒங்கிட்டருந்து?"

"டவர் இல்லட்டி. இப்பத்தான் போட்டாக. நான் நல்லாத்தான் இருக்கேன். முந்தாநேத்து ராத்திரி கீழ்த்தளத்துல ரெட்டப் புள்ள பெறந்துச்சு, டார்ச் லைட்டுல." அக்காவின் குரல் மணலாகக் கரகரத்தது. "அம்மா எங்க? அழுதாளா?"

"அழுதுக்கிட்டேதான் இருக்கா. எனக்கு வேல போச்சுக்கா."

"போனாப் போகுது. என்ன செஞ்ச?"

கனி எல்லாவற்றையும் சொன்னாள். விரல் வைக்காததை, வராமல் போன கப்பலை.

"எரும மாடு" என்றாள் புஷ்பம். "கப்பல் வந்தா மட்டும் நான் இதுகள விட்டுட்டு ஏறிருப்பேனாக்கும்?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுல்லா. இன்னொண்ணும் புரியலக்கா. அந்த வடக்கத்திக்காரன் எதுக்கு நிறுத்துனான்? அவனுக்கு என்ன வந்துச்சு? டிவியில ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதான்."

மறுமுனையில் சிரிப்பு. இருமலோடு சேர்ந்த, களைத்த சிரிப்பு. "ஒனக்கு அந்தக் கார வீட்டு அடி ஒண்ணுதான் ஞாபகம். நம்ம தெருவுல என்ன நடக்கும், அத மறந்துட்டியா? எதுத்த வீட்டுப் பையனோட நான் மல்லுக்கட்டுனா அம்மா என்னையப் போட்டு வெளுப்பா. அவன் அம்மா சொர்ணம் அத்த ஒரு நிமிசம் பாப்பா. தெருவுல நாலு பேரு நிப்பாக. ஒருத்தி தன் புள்ளைய அடிச்சிட்டா, இன்னொருத்தி சும்மா நிக்க முடியுமா? மானம் போயிராது? வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு அவ மவன வெரட்டுவா பாரு, மார்க்கெட்டு வரைக்கும்!"

கனி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த ஒரு அடியையே இத்தனை வருஷமாகப் பயம் என்று மட்டும் எண்ணி முதுகில் சுமந்திருந்தாள். அதற்கு இப்படி ஒரு மறுபாதி இருந்தது அவளுக்குத் தோன்றவே இல்லை. டாரனுக்குச் சொல்ல வேண்டும். பொத்தான் அதை எப்படித்தான் மொழிபெயர்க்குமோ, விளக்கமாற்றை!

"அக்கா, அந்த அமெரிக்காக்காரரு இதத்தான் கேட்டாரு. எனக்கு அப்ப வாயே வரல. கேக்கியா? அக்கா?"

பதில் இல்லை. பிறகு போனுக்குள்ளிருந்து மெல்ல, ஒழுங்காக, ஒரு குறட்டை கேட்டது. பேச்சு பாதியில் இருக்கும்போதே புஷ்பம் தூங்கிப்போயிருந்தாள். அதற்கும் அப்பால் ஒரு பச்சைக்குழந்தை சிணுங்கியது, யாரோ தெரியாத பாஷையில் அதைத் தட்டித் தூங்கவைத்தார்கள். வேறு ஒரு சத்தமும் இல்லை.

"எம்மா, இங்க வா" என்று கனி கையை ஆட்டிக் கூப்பிட்டாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, போனில் காதை வைத்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சார்ஜ் தீரும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.